சேர்லிஃப்ட் வேகமானால் வரிசை குறையுமா? சோளிங்கர் மலையடியிலிருந்து ஒரு பதில்

வாலாஜாபேட்டையிலிருந்து ஒரு அன்பர் கேட்டிருக்கிறார். அவருடைய மகள் அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் இருக்கிறார். அவர்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பனிச்சறுக்கு மலை. அங்கே இருக்கும் பழைய இரண்டு பேர் சேர்லிஃப்டை (கம்பிவடத்தில் தொங்கும் நாற்காலிகளில் ஆட்களை மலைமேல் ஏற்றிவிடும் ஏற்பாடு) எடுத்துவிட்டு, நான்கு பேர் உட்காரும் அதிவேக லிஃப்ட் போடலாமா என்று சீசன் பாஸ் வைத்திருப்பவர்களிடம் கருத்துக் கேட்கிறார்களாம். மகள் அப்பாவைக் கேட்க, அப்பா என்னைக் கேட்கிறார். கூடவே இன்னொரு கேள்வியும்: "நம்ம சோளிங்கர் ரோப்காரையும் வேகமாக ஓட்டினால் கார்த்திகைக் கூட்டம் சீக்கிரம் கரையும் அல்லவா?"

இரண்டும் ஒரே கேள்வி மாதிரி இருக்கின்றன. ஆனால் பதில் ஒன்றல்ல. வடக்கே மலைகளில் ரோப்வே அமைக்கும் வேலையிலும் பராமரிப்பு வேலையிலும் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். நின்று நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் நம்ம ஊர்க் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். பாலாற்றங்கரைப் பக்கம் விவசாயம் பார்த்த யாருக்கும் இது தெரியும். ஐந்து எச்பி மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பத்து எச்பி மோட்டார் வைத்தால் வாய்க்காலில் தண்ணீர் சீறிக்கொண்டு வரும். ஒரு மணி நேரத்தில் கிணறு வற்றிவிடும். பிறகு ஊறும் வரை காத்திருக்க வேண்டியதுதான். ஒரு நாளைக்குக் கிடைக்கும் தண்ணீரைத் தீர்மானிப்பது மோட்டார் அல்ல, ஊற்று. லிஃப்ட் விஷயத்தில் எல்லோரும் மோட்டாரைப் பார்க்கிறார்கள். ஊற்று எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

சேர்லிஃப்ட் என்ற பொருள் பிறந்ததே ஒரு சுமை தூக்கும் வேலையிலிருந்துதான். 1936இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் சன் வேலி என்ற இடத்தில் முதல் சேர்லிஃப்ட் ஓடியது. அதை வடிவமைத்தவர் ஜிம் கரன், யூனியன் பசிபிக் ரயில்வே நிறுவனத்தின் பொறியாளர். அதற்கு முன் கப்பலில் வாழைத்தார் ஏற்றும் கருவிகளில் வேலை பார்த்தவர். கொக்கியில் வாழைத்தார் தொங்கிக்கொண்டு வரிசையாகப் போவதைப் பார்த்தவருக்கு, கொக்கிக்குப் பதில் நாற்காலி, தாருக்குப் பதில் மனிதன் என்று தோன்றியிருக்கிறது. அதில் நாற்காலி கம்பிவடத்தோடு இறுகப் பிடித்திருக்கும். வடம் எந்த வேகத்தில் ஓடுகிறதோ அதே வேகத்தில்தான் ஆள் நிற்கும் இடத்துக்கும் வரும். முழங்காலுக்குப் பின்னால் வந்து தட்டும், நாம் டக்கென்று உட்கார வேண்டும். அதனால் வேகத்தை ரொம்பவும் கூட்ட முடியாது. இந்த வகை லிஃப்டுகள் பெரும்பாலும் நொடிக்கு இரண்டிலிருந்து இரண்டரை மீட்டர் வேகத்தில்தான் ஓடுகின்றன. நாம் வேகமாக நடப்பதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

1981இல் கொலராடோ மாநிலத்தின் பிரெக்கன்ரிட்ஜில் வந்த நான்கு பேர் அதிவேக லிஃப்ட் இந்தத் தடையை உடைத்தது. அதில் நாற்காலியை வடத்தோடு இணைக்கும் பிடி கழன்று கழன்று மாட்டும். நாற்காலி நிலையத்துக்குள் நுழையும்போது ஒரு தண்டவாளம் பிடியின் ஸ்பிரிங்கை அழுத்தித் திறந்துவிடுகிறது. வடம் தன் வேகத்தில் மேலே ஓடிக்கொண்டே இருக்க, நாற்காலி மட்டும் கழன்று வரிசையாக இருக்கும் ரப்பர் டயர்களின் உரசலில் வேகம் குறைந்து, நொடிக்கு ஒரு மீட்டர் போல ஊர்ந்து வளைகிறது. ஆள் உட்கார்ந்த பிறகு இன்னொரு டயர் வரிசை அதை வடத்தின் வேகத்துக்குத் தள்ளிக் கொண்டுபோய், பிடி "டக்" என்று வடத்தைக் கவ்வுகிறது. வெளியே வந்ததும் நொடிக்கு ஐந்து மீட்டர். காஷ்மீரில் இருக்கும் குல்மார்க் போயிருந்தால் நீங்களே பார்த்திருப்பீர்கள், அங்கே ஓடும் ஆறு பேர் கேபின்களும் இந்த வகைதான். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருவர் ராணுவத்துக்குப் போன ஊர்கள் நம்ம பக்கம் உண்டு. காஷ்மீரில் பணியாற்றித் திரும்பியவர்களைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த "டக்" சத்தம் எனக்கு ரொம்பப் பிடித்த சத்தம். ஒரு பிடி சரியாகக் கவ்வியதா இல்லையா என்பதைப் பழகிய காது கண்டுபிடித்துவிடும். இப்போது அதற்கு சென்சார்கள் இருக்கின்றன. ஆனாலும் நிலையத்தில் நிற்கிற பழைய ஆட்கள் காதைத் தீட்டிக்கொண்டுதான் நிற்பார்கள்.

சரி, இப்போது கணக்குக்கு வருகிறேன். பேப்பர் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

ஒரு லிஃப்ட் மணிக்கு எத்தனை பேரை ஏற்றும் என்பது அதன் வேகத்தைப் பொறுத்தது அல்ல. எத்தனை நொடிக்கு ஒரு நாற்காலி வருகிறது, அதில் எத்தனை இருக்கை, இந்த இரண்டுதான். ஆறு நொடிக்கு ஒரு நாற்காலி என்றால் மணிக்கு 600 நாற்காலி. இரண்டு பேர் என்றால் 1,200, நான்கு பேர் என்றால் 2,400. நான்கு பேர் நாற்காலி, ஆறு நொடி இடைவெளி என்று வைத்துவிட்டால் வடம் மெதுவாக ஓடினாலும் 2,400, வேகமாக ஓடினாலும் 2,400. வேகமான வடத்தில் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளி மாட்டியிருப்பார்கள், அதுதான் வித்தியாசம். இரண்டரை மீட்டர் வேகத்தில் 15 மீட்டருக்கு ஒரு நாற்காலி, ஐந்து மீட்டர் வேகத்தில் 30 மீட்டருக்கு ஒன்று.

1,500 மீட்டர் நீளமுள்ள ஒரு லிஃப்டை எடுத்துக்கொள்வோம். மெதுவான நான்கு பேர் லிஃப்டில் மேலே போக 10 நிமிடம், வேகமானதில் 5 நிமிடம். மேலிருந்து சறுக்கி வர 6 நிமிடம் என்று வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை, 800 பேர் இந்த ஒரே லிஃப்டைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். மணிக்கு 2,400 பேரைத்தான் ஏற்ற முடியும் என்பதால் 800 பேரும் ஒரு சுற்று முடிக்க 20 நிமிடம் ஆகும். மெதுவான லிஃப்டில் 10 நிமிடம் நாற்காலியில், 6 நிமிடம் சறுக்கல், மீதி 4 நிமிடம் வரிசையில். வேகமான லிஃப்டில் 5 நிமிடம் நாற்காலியில், 6 நிமிடம் சறுக்கல், மீதி 9 நிமிடம் வரிசையில்.

மறுபடி படித்துப் பாருங்கள். வேகமான லிஃப்ட் போட்டதால் வரிசை 4 நிமிடத்திலிருந்து 9 நிமிடமாகிவிட்டது. சுற்று எண்ணிக்கை மாறவில்லை, இரண்டிலும் மணிக்கு மூன்றுதான். முன்பு நாற்காலியில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டு போன ஐந்து நிமிடத்தை இப்போது கீழே கால் கடுக்க நின்று கழிக்கிறார்கள். மெதுவான லிஃப்டில் எந்த நேரமும் 400 பேர் வானத்தில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். வேகமானதில் 200 பேர்தான். மீதி 200 பேர் எங்கே போவார்கள்? தரைக்குத்தான் வருவார்கள்.

அப்படியானால் வேகம் வீணா? இல்லை. புதன்கிழமை வாருங்கள். அன்று 200 பேர்தான், வரிசையே இல்லை. மெதுவான லிஃப்டில் ஒரு சுற்றுக்கு 16 நிமிடம், வேகமானதில் 11 நிமிடம். நான்கு மணி நேரத்தில் 15 தடவை சறுக்கியவர் இனி 21 தடவை சறுக்கலாம். ஆக, அதிவேக லிஃப்ட் என்பது கூட்டமில்லாத நாளுக்கு வந்த வரம். ஆனால் பனிச்சறுக்கு மையங்கள் அதை விற்பது "இனி வரிசையே இருக்காது" என்று சொல்லித்தான். பெரும்பாலும் பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை. பழைய இரண்டு பேர் லிஃப்டை எடுத்துவிட்டு நான்கு பேர் அதிவேக லிஃப்ட் போட்டதும் வரிசை நிஜமாகவே குறைவதைப் பார்த்துவிடுகிறார்கள், அதற்கு வேகம்தான் காரணம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

உங்கள் மகளுடைய மலையில் நடக்கப்போவதும் இதுவேதான். அதே 800 பேர், இரண்டு பேர் லிஃப்ட், மணிக்கு 1,200. ஒரு சுற்றுக்கு 40 நிமிடம், அதில் வரிசை மட்டும் 24 நிமிடம். நான்கு பேர் அதிவேக லிஃப்ட் வந்தால் வரிசை 9 நிமிடமாகும். எல்லோரும் கைதட்டுவார்கள். ஆனால் அதே இடத்தில் பிடி கழலாத சாதாரண நான்கு பேர் லிஃப்ட் போட்டிருந்தால் வரிசை 4 நிமிடம்தான் ஆகியிருக்கும். வரிசையைக் குறைத்தது இருக்கை, வேகம் அல்ல. இதைச் சொல்ல ஏன் இத்தனை மெனக்கெடுகிறேன் என்றால் விலைதான் காரணம். அதே நீளத்துக்கு அதிவேக லிஃப்ட் சாதாரண லிஃப்டைவிட இரண்டு மூன்று மடங்கு ஆகும். வாங்கும்போது கொடுப்பதோடு முடிவதும் இல்லை. ஒவ்வொரு பிடியையும் முறை வைத்துக் கழற்றிப் பிரித்து, உள்ளே மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். நூறு நாற்காலி என்றால் நூறு பிடி. டயர்கள் தேயும், பெல்ட்டுகள் தளரும், மின்னணுப் பலகைகள் போய்விடும். ஒரு சின்ன மலையில் இதைத் தெரிந்த மெக்கானிக் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனால் லிஃப்ட் படுத்துவிடும். அந்தச் செலவெல்லாம் டிக்கெட்டில்தான் ஏறும்.

ஆனால் ஒருபக்கமாகவே பேசக் கூடாது. அதிவேக லிஃப்டின் நிஜமான பலம் விளம்பரத்தில் யாரும் பெரிதாகச் சொல்லாத இடத்தில் இருக்கிறது. நாற்காலி ஊர்ந்து வருவதால் ஏறுவது சுலபம். சாதாரண லிஃப்டில் ஒரு குழந்தை தடுக்கி விழுந்தால் ஆபரேட்டர் மொத்த வடத்தையும் நிறுத்துகிறார். மேலே 400 பேர் குளிரில் ஆடிக்கொண்டு நிற்கிறார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் இப்படி நின்றாலே காகிதத்தில் இருக்கும் 2,400 பேர் 2,160 ஆகிவிடும். புதிதாகக் கற்பவர்கள் அதிகம் வரும் மலையில் இது இன்னும் மோசம். இதற்கு நடுவழி ஒன்று உண்டு. ஏறும் இடத்தில் ஒரு ஓடும் கம்பளப் பட்டை வைத்துவிடுகிறார்கள், விமான நிலையத்தில் நடைபாதை ஓடுமே, அதுபோல. ஆள் அதன் மேல் நின்றபடி நாற்காலி போகும் திசையிலேயே நகர்வதால் அடி மெதுவாக விழும், தடுக்கல் குறையும், வடத்தையும் கொஞ்சம் வேகமாக ஓட்டலாம். அதிவேக லிஃப்டின் விலையோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு கொஞ்சம்தான்.

குளிரையும் மறக்கக் கூடாது. வேலூர் மே மாத வெயிலில் நிழலில்லாத பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிடம் நிற்பதும் ஐந்து நிமிடம் நிற்பதும் ஒன்றல்ல என்று நமக்குத் தெரியும். பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியில், காற்றில், அசையாமல் தொங்கிக்கொண்டு போகும் பத்து நிமிடம் அதைவிடக் கொடுமை. கீழே வரிசையில் நிற்பவர் குறைந்தபட்சம் காலையாவது உதைத்துக்கொள்ளலாம். நீளமான லிஃப்ட், 1,500 மீட்டருக்கு மேல் என்றால், நான் தயங்காமல் அதிவேகம் போடுங்கள் என்பேன். 600, 700 மீட்டர் லிஃப்டுக்கு வேண்டாம் என்பேன். அங்கே மிச்சமாவது இரண்டு, இரண்டரை நிமிடம்.

அப்புறம், கிணற்றின் ஊற்று. பனிச்சறுக்கு மலைக்கு ஊற்று எது? இறங்கும் பாதை. லிஃப்ட் மணிக்கு எத்தனை பேரைக் கொண்டுபோய்க் கொட்டினாலும் பாதை அகலம் அதே அகலம்தான். வாரநாளில் 15 தடவை சறுக்கியவர் 21 தடவை சறுக்கும்போது பனி அத்தனை சீக்கிரம் வழித்தெடுக்கப்பட்டு ஐஸும் மண்ணும் தெரிய ஆரம்பிக்கும். மோதல்கள் கூடும். இதை முன்கூட்டியே யோசித்த ஒரு மலை வெர்மான்டிலேயே இருக்கிறது. மேட் ரிவர் க்ளென் என்று பெயர். அங்கே 1948இல் போட்ட ஒற்றை ஆள் சேர்லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாற்காலிக்கு ஒரே ஒருவர். 1995 முதல் அந்த மலையை நடத்துவது அங்கே சறுக்குபவர்களே பங்குதாரர்களாக இருக்கும் கூட்டுறவு. லிஃப்ட் பழசாகி, மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தபோது அவர்கள் வேகமான லிஃப்டும் வேண்டாம், இரண்டு பேர் லிஃப்டும் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அதே ஒற்றை நாற்காலி லிஃப்டையே அடியோடு புதுப்பித்து 2007இல் மறுபடி ஓட்டினார்கள். பாதைகள் குறுகல், பெரும்பாலும் இயற்கைப் பனியை நம்பிய மலை. அதிகம் பேரை ஏற்றினால் பாதை தாங்காது என்பது அவர்களுக்குத் தெரியும். ஊற்றைப் பார்த்து மோட்டார் வாங்கியவர்கள் அவர்கள்தான். எல்லா மலையும் அப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் கேள்வியை எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எனவே மகளிடம் சொல்லுங்கள்: கருத்துப் படிவத்தில் "ஆம்", "இல்லை" எழுதும் முன் நிர்வாகத்திடம் சிலவற்றைக் கேட்கட்டும். லிஃப்டின் நீளம் எவ்வளவு? வருடத்தில் எத்தனை நாள் வரிசை பத்து நிமிடத்தைத் தாண்டுகிறது? இப்போது ஒரு நாளில் எத்தனை தடவை லிஃப்ட் நிறுத்தப்படுகிறது, எதனால்? சாதாரண நான்கு பேர் லிஃப்டுக்கும் விலை கேட்டார்களா? நான்காவது கேள்விக்குப் பதில் "கேட்கவில்லை" என்று வந்தால், கேட்டுவிட்டு வாருங்கள் என்று எழுதச் சொல்லுங்கள். பழைய லிஃப்டுக்கு உதிரிபாகம் கிடைக்காமல் போய்விட்டது என்பது காரணமாக இருந்தால் அது நியாயமான காரணம், அப்போது மாற்றத்தான் வேண்டும். ஆனால் மாற்றுவது வேறு, அதிவேகமாக மாற்றுவது வேறு.

இனி சோளிங்கருக்கு வருகிறேன். மனசுக்கு நெருக்கமான இடம் என்பதால் கொஞ்சம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய மலைக்கு 1,305 படி. யோக நரசிம்மர் மேலே. எதிரே சின்ன மலையில் 406 படி ஏறினால் யோக ஆஞ்சநேயர். 108 திவ்ய தேசங்களில் திருக்கடிகை என்று பெயர் பெற்ற தலம் இது. ஒரு கடிகை நேரம், அதாவது 24 நிமிடம், இங்கே இருந்தாலே முக்தி என்பது ஐதீகம். கார்த்திகை மாதத்தில் நரசிம்மர் கண் திறந்து பார்க்கிறார் என்பார்கள். அந்த மாத ஞாயிற்றுக்கிழமைகளில் தக்கான் குளத்தில் குளித்துவிட்டு ஈரம் காயாமல் படியேறுகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. ரோப்கார் வருவதற்கு முன்னால் முடியாதவர்களை டோலியில் வைத்துத் தூக்கிப் போவார்கள். நான்கு பேர் தோளில் மூங்கில், நடுவில் ஒரு பாட்டி கண்ணை மூடிக்கொண்டு. குரங்கு பையைப் பிடுங்காமல் இருக்கக் கூட வருகிறவர் கையில் ஒரு குச்சி. 2024இல் ரோப்கார் வந்தது. சுமார் 430 மீட்டர் நீளம், நான்கு பேர் உட்காரும் கேபின்கள்.

இது பனிமலைச் சேர்லிஃப்ட் போல ஆறு நொடிக்கு ஒன்று வந்துகொண்டே இருக்கும் ஏற்பாடு அல்ல. கேபின்கள் ஒரு கொத்தாக மேலே போகும், அதே நேரம் மறுபக்கக் கொத்து கீழே வரும். பழனி ரோப்காரும் இப்படித்தான். ஒரு கொத்து கீழே வந்து, ஆட்கள் இறங்கி, அடுத்தவர்கள் ஏறி, கதவு மூடி, பிறகுதான் வடம் மறுபடி ஓடும். அதனால் இங்கே கணக்கு மாறும். இங்கே வேகத்துக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன்.

கணக்குக்காக ஒரு கொத்தில் 16 பேர், பயணம் 4 நிமிடம், ஏறி இறங்க 2 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 6 நிமிடத்துக்கு 16 பேர், மணிக்கு 160. வேகத்தைக் கூட்டிப் பயணத்தை 3 நிமிடமாக்கினால் 5 நிமிடத்துக்கு 16 பேர், மணிக்கு 192. நல்லதுதான். ஆனால் வேகத்தைத் தொடாமல், ஏறி இறங்கும் 2 நிமிடத்தை 1 நிமிடமாக்கினாலும் அதே 192தான் வருகிறது. ஒரு நிமிடத்தை எங்கே மிச்சம் பிடித்தாலும் பலன் ஒன்றே. எந்த நிமிடம் மலிவு என்பதுதான் கேள்வி. வேகத்தைக் கூட்ட மோட்டார், கியர், பிரேக், தூண்களின் மேல் இருக்கும் உருளைகள், எல்லாவற்றையும் மறுபடி சோதித்து அனுமதி வாங்க வேண்டும். வேகமாக ஓடும் வடம் திடீரென்று நின்றால் கேபின் ஆடும் ஆட்டமும் அதிகம். ஆடி மாதக் காற்றில் மலை இடுக்கில் அந்த ஆட்டம் எப்படி இருக்கும் என்று உள்ளே உட்கார்ந்தவருக்குத் தெரியும். காற்றைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2017 ஜூனில் குல்மார்க்கில் பலத்த காற்றில் ஒரு மரம் சாய்ந்து ரோப்வே மேல் விழுந்து 7 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் தொழிலில் இருந்த யாரும் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

பிடி கழலும் வகைக்கே மாறிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். அந்த வகைக்கு நிலையமே நீளமாக வேண்டும், வேகம் குறையவும் கூடவும் டயர் வரிசைகளுக்கு இடம் வேண்டும். மேலே கோயிலை ஒட்டிய பாறையில் அதற்கு எங்கே இடம்? 430 மீட்டரில் அதனால் மிச்சமாகும் நேரமும் கொஞ்சம்தான்.

ஏறும் நிமிடத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. ஒரு நாள் கீழ் நிலையத்தில் ஓரமாக நின்று பார்த்தேன். ஒரு பாட்டி, எழுபத்தைந்து இருக்கும். ஒரு கையில் துளசி மாலை வைத்த மஞ்சள் பை, இன்னொரு கை பேரன் தோளில். கேபின் வாசலில் ஒரு காலை வைத்தார், எடுத்துவிட்டார். "இருடா கண்ணு, ஆடினு கீது பாரு" என்றார். பேரன் இழுத்தான். வாசலில் நின்ற ஊழியர் பையனைத் தடுத்துவிட்டு, தன் காலால் கேபின் அடியை அழுத்திப் பிடித்து, "இப்ப ஆடல பாருங்கம்மா, மெதுவா வாங்க" என்று கையை நீட்டினார். பாட்டி அந்தக் கையைப் பிடித்து, பையை முதலில் உள்ளே வைத்து, பிறகு உட்கார்ந்தார். என் வாட்சில் நாற்பது நொடி. அந்த நாற்பது நொடியும் மொத்த வடமும் காத்திருந்தது. காத்திருக்கத்தான் வேண்டும், அந்தப் பாட்டிக்காகத்தான் ரோப்காரே வந்தது. அவரைப் போன்றவர்களை முன்பே ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, அடுத்த கொத்தின் முதல் கேபினுக்குத் தயாராகக் கொண்டுவந்து நிறுத்தி, வாசலில் இன்னும் ஒரே ஒரு ஆளைக் கூடுதலாகப் போட்டால் அந்த நாற்பது நொடி பதினைந்து ஆகும். ஒரு ஆளின் சம்பளம். மோட்டார் மாற்றும் செலவோடு அதை வைத்துப் பாருங்கள்.

அதே கொத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். பக்கத்துக் கேபினில் மூன்று பேர் குடும்பம், ஒரு இருக்கை காலி. அதற்கு அடுத்ததில் ஒரு ஜோடி, இரண்டு இருக்கை காலி. பதினாறில் மூன்று போயிற்று. யாரும் குடும்பத்தைப் பிரித்து உட்கார மாட்டார்கள், அது இயல்பு. பனிமலைகளில் இதற்கு ஒரு அருமையான பழக்கம் உண்டு. தனியாக வருகிறவர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு தனி வரிசை. நாற்காலியில் ஒரு இடம் காலி என்றால் அந்த வரிசையிலிருந்து ஒருவரை அனுப்புவார்கள். தனியாக வந்தவருக்குச் சீக்கிரம் இடம் கிடைக்கிறது, இருக்கையும் வீணாகப் போவதில்லை. சோளிங்கருக்குத் தனியாக வருகிற பக்தர்கள் எத்தனையோ பேர். தனியாள் வரிசைக்கு ஒரு கயிறும் ஒரு பலகையும் போதும். பதினாறில் மூன்று என்பது கிட்டத்தட்ட இருபது சதவீதம். வேகத்தைக் கூட்டிக் கிடைக்கும் லாபமும் ஏறக்குறைய அவ்வளவுதானே.

கடைசியாக இங்கேயும் ஊற்று எது என்று பார்க்க வேண்டும். சோளிங்கரில் ஊற்று சன்னிதி. கார்த்திகை ஞாயிறு அன்று சன்னிதி வழியாக மணிக்கு எத்தனை பேர் நகர்கிறார்களோ அத்தனை பேருக்குத்தான் தரிசனம். படியேறி வருகிறவர்கள் ஒரு பக்கம், ரோப்காரில் வருகிறவர்கள் ஒரு பக்கம், இரண்டும் அதே வாசலில்தான் சேர வேண்டும். ரோப்காரை வேகமாக்கினால் கீழே நிழலில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டிய முதியவர்கள் மேலே கூட்டத்தில் நின்று காத்திருப்பார்கள். மலை உச்சியில் ஆயிரம் பேரைச் சேர்ப்பதைவிடக் கீழே சேர்ப்பது பாதுகாப்பு. தண்ணீர், கழிப்பறை, ஆம்புலன்ஸ் எல்லாம் கீழேதான் சுலபம். அதனால் கார்த்திகைக்கு வேண்டியது நேரம் போட்ட டோக்கன். 9 மணி டோக்கன் என்றால் 9 மணிக்கு வந்தால் போதும், அதுவரை குளக்கரையில் இருக்கலாம். மேலே சன்னிதியில் வரிசை தேங்கினால் கீழே டோக்கனை நிறுத்திவைக்க, மேலும் கீழும் பேசிக்கொள்ள ஒரு வாக்கிடாக்கி.

பராமரிப்புக்காக ரோப்கார் நிற்கும் நாளில் கோபப்படாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழனியில் தினமும் மதியம் கொஞ்ச நேரம், மாதத்தில் ஒரு நாள், வருடத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் என்று நிறுத்திச் சோதிக்கிறார்கள். தூரத்திலிருந்து வந்தவருக்கு ஏமாற்றம்தான், எனக்கும் புரிகிறது. ஆனால் வடத்தின் ஒரு இழை அறுந்திருக்கிறதா என்று கையாலும் கருவியாலும் மீட்டர் மீட்டராகப் பார்ப்பதற்கு வடம் நின்றால்தான் முடியும், அல்லது மிக மெதுவாக ஓட வேண்டும். வேகம் கூடினால் இந்தச் சோதனை இன்னும் அடிக்கடி வேண்டும், நிற்கும் நாட்களும் கூடும்.

நான் மேலே போட்டது உத்தேசக் கணக்கு. நிஜக் கணக்கு எடுப்பது ஒன்றும் கஷ்டமல்ல. ஒரு கொத்து புறப்பட்ட நேரம், அடுத்தது புறப்பட்ட நேரம், அதில் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை இருக்கை காலி, நான்கு கட்டம் போட்ட ஒரு நோட்டு போதும். ஒருவர் கீழே, ஒருவர் மேலே சன்னிதி வாசலில். இரண்டு மணி நேரம் எழுதினால் ஊற்று எங்கே என்று தெரிந்துவிடும். அந்தத் தாளோடு போய்க் கேட்டால் கோயில் நிர்வாகமும் காது கொடுத்துக் கேட்கும். வரும் கார்த்திகை முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கீழ் நிலையத்தில் நோட்டோடு இருப்பேன். வாலாஜாவிலிருந்து நீங்களும் வந்தால் மேலே நிற்க ஒரு ஆள் கிடைத்தது என்று வைத்துக்கொள்வேன்.